எல்லையில் நிற்கும் நிலக்கரி: மங்கோலிய ரயில்கள் பற்றிய கேள்வி பதில்

கடற்கரை இல்லாத நாடுகளின் சரக்கு ரயில்கள் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மங்கோலியாவைப் பற்றியவை. ஆகவே இம்முறை அந்த ஒரு நாட்டோடு நிற்கிறேன்.

ஐயா, மங்கோலியா என்றால் குதிரையும் புல்வெளியும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே ரயில் எவ்வளவு இருக்கிறது?

முதுகெலும்பு ஒரே பாதைதான். வடக்கே ரஷ்ய எல்லையில் சுக்பாத்தர், தெற்கே சீன எல்லையில் சமீன்-ஊத். இடையில் தலைநகர் உலான்பாத்தர். நீளம் ஏறக்குறைய 1,110 கி.மீ. பெரும்பகுதி ஒற்றைப் பாதை. சோவியத் ஒன்றியமும் மங்கோலியாவும் 1949இல் சரிபாதிப் பங்கில் தொடங்கிய உலான்பாத்தர் ரயில்வே நிறுவனம்தான் இன்றும் அதை நடத்துகிறது. சோவியத் பங்கு இப்போது ரஷ்யாவின் கையில் இருக்கிறது. பாதை 1955இல் சீன எல்லையைத் தொட்டது. 1956 ஜனவரியில் மூன்று நாடுகளையும் இணைத்து ரயில்கள் ஓடத் தொடங்கின. எர்தெனெத் தாமிரச் சுரங்கத்துக்கும் சில நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கிளைப் பாதைகள் உண்டு. நாட்டின் தெற்கே கோபிப் பாலைவனப் பகுதியான தென்கோபியில் அண்மையில் புதிய பாதைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர் கேஜ் வேகனிலிருந்து அகலப் பாதை வேகனுக்கு மூட்டை மாற்றிய காலத்தைப் பார்த்திருக்கிறேன். சீன எல்லையில் அதே கதைதானா?

அதே கதைதான் ஐயா, ஆனால் அளவு மிகப் பெரியது. மங்கோலியாவில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ரஷ்ய அகலம், 1,520 மி.மீ. சீனாவில் 1,435 மி.மீ. வித்தியாசம் வெறும் 85 மி.மீ., ஏறக்குறைய நான்கு விரற்கடைதான். அதற்காக ஒரு நாட்டின் ஏற்றுமதியும் இறக்குமதியும் எல்லையில் இறங்கி ஏறுகின்றன.

நடைமுறை இப்படி. எல்லைக்கு இப்பால் சமீன்-ஊத், அப்பால் சீனாவின் எரென்ஹோட். இரண்டு ஊர்களுக்கும் இடையில் இரு அகலங்களிலும் தண்டவாளம் உண்டு. மங்கோலியாவிலிருந்து போகும் தாதும் நிலக்கரியும் அகல வேகனிலேயே எரென்ஹோட் வரை சென்று அங்கே சீன வேகனுக்கு மாறும். சீனாவிலிருந்து வரும் சரக்கு சீன வேகனிலேயே சமீன்-ஊத் வந்து இங்கே மாறும். கன்டெய்னர் என்றால் கிரேன் தூக்கி வைத்துவிடும், வேலை சுலபம். இயந்திரங்கள், மரம், சிமெண்ட் மூட்டை எல்லாம் அப்படி இல்லை. குளிர்காலத்தில் ஈரமான நிலக்கரி வேகனுக்குள்ளேயே உறைந்து பாறையாகிவிடும். அதை உடைத்து இறக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி, எதிர்ப்புறத்தில் காலி வேகன் தயாராக நிற்க வேண்டும் என்பது. ஏற்றிவந்த ரயில் நின்றுகொண்டிருக்கும், மாற்றி ஏற்றக் காலி வேகன் வந்திருக்காது. பின்னால் வரும் ரயில்கள் ஒற்றைப் பாதையில் நிலையம் நிலையமாகத் தேங்கும். எல்லை யார்டில் ஒரு நாள் தாமதம் என்றால் உலான்பாத்தர் கடைத்தெருவில் விலை ஏறும். 2021இல் கொரோனா கட்டுப்பாடுகளால் எரென்ஹோட் வழி அடிக்கடி அடைபட்டபோது மங்கோலிய மக்கள் இதை நேரில் அனுபவித்தார்கள்.

பயணி ரயிலுக்கு வேறு ஏற்பாடு. பெய்ஜிங்–உலான்பாத்தர் ரயிலை எரென்ஹோட் பட்டறைக்குள் கொண்டுபோய், பயணிகள் உள்ளே இருக்கும்போதே பெட்டியை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத் தொகுதியை உருவி வேறொன்றைச் செருகுவார்கள். உங்களுக்கு வியப்பளிக்கக்கூடிய ஒன்று: ஆரம்பத்தில் சீனப் பகுதியில் ஜீனிங்கிலிருந்து எரென்ஹோட் வரையிலும் ரஷ்ய அகலம்தான் போட்டிருந்தார்கள். 1965இல், சோவியத்–சீன உறவு கசந்திருந்த காலத்தில், சீனா அதைத் தன் அகலத்துக்கு மாற்றியது. அன்றுதான் இந்தத் தடுப்பு எல்லைக்கே வந்து சேர்ந்தது.

அப்படியானால் புதிய பாதைகளையாவது சீன அகலத்தில் போட்டிருக்கலாமே? வாங்குபவன் சீனாதானே?

கணக்குப் பிள்ளையிடம் கேட்டால் "ஆம்" என்பார். ஆனால் ஏற்றுமதியில் மிகப் பெரும் பங்கு ஒரே அண்டை நாட்டுக்குப் போகும்போது, தண்டவாளத்தையும் அவன் அளவுக்கே போட்டால் நாளை பேரம் பேச என்ன மிஞ்சும் என்ற அச்சம் மங்கோலியாவில் ஆழமானது. 2010இல் நாடாளுமன்றம் ரஷ்ய அகலத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. 2014இல் தெற்கு நோக்கிய இரண்டு பாதைகளுக்குச் சீன அகலத்தை அனுமதித்தது. கடைசியில் 2022இல் திறக்கப்பட்ட பாதை 1,520 மி.மீ.தான். அச்சம் நியாயமானதே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதத்தில் கரைந்த பத்தாண்டுக்கும் மேலான காலத்தை மன்னிக்க முடியவில்லை. அதன் விலையை லாரி ஓட்டுநர்கள் கொடுத்தார்கள்.

சார், நான் நாமக்கல்காரன். எங்கள் வீட்டில் லாரித் தொழில். அந்த நிலக்கரி லாரி வரிசை பற்றிச் சொல்லுங்கள்.

தென்கோபியில் தாவன் தோல்கோய் என்ற இடத்தில் எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் நிலக்கரி இருக்கிறது. உலகின் மிகப் பெரிய இருப்புகளில் ஒன்று அது, எல்லா வகை நிலக்கரியும் சேர்த்து 600 கோடி டன்னுக்கும் மேல். அங்கிருந்து சீன எல்லையின் காஷூன் சுகைத் சாவடி ஏறக்குறைய 240 கி.மீ. நம் ஊர்க் கணக்கில் அரை நாள் ஓட்டம். 2017இல் அந்தச் சாவடிக்கு முன்னால் லாரி வரிசை 100 கி.மீ.க்கும் மேல் நீண்டது. ஓட்டுநர்கள் வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே நாள்கணக்கில் தூங்கினார்கள். இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி போகும் இடம் அது. இன்ஜினை அணைத்தால் டீசல் உறையும், அணைக்காவிட்டால் டீசல் தீரும். வழியில் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. புழுதியும் கரித்தூளும் மேய்ச்சல் நிலத்தில் படிந்து ஆட்டின் கம்பளியே கறுத்துப்போவதாக இடையர்கள் முறையிட்டார்கள்.

இதைத் தீர்க்க 233 கி.மீ. ரயில் பாதை 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் கொண்டுபோகக்கூடிய பாதை. ஆனால் அது எல்லையோடு நின்றது. அப்பால் சீனாவின் கான்சிமாவ்து வரை இணைப்பு இல்லை. ரயிலில் வந்த கரியை இறக்கி மறுபடி லாரியில் ஏற்றி எல்லை தாண்ட வேண்டும் என்றால் சுரங்கத்திலிருந்தே லாரியில் போய்விடலாமே? ஆகவே 2024இல் மங்கோலியா 8 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரி ஏற்றுமதி செய்தபோதும் தெற்கில் லாரிதான் ராஜா. இடையில் ஓட்டுநர் இல்லாத தானியங்கி வண்டிகள் கன்டெய்னரைச் சுமந்து எல்லை தாண்டும் ஏற்பாடும் வந்தது. சுமை குறைந்தது, ஆனால் அது ரயிலுக்கு ஈடாகாது.

எல்லை தாண்டும் இணைப்புக்கான ஒப்பந்தம் 2025 பிப்ரவரியில் கையெழுத்தாகி, மே மாதம் வேலை தொடங்கியது. இரு அகலத் தண்டவாளமும் அதில் வருகின்றன. சுரங்கத்திலிருந்து 233 கி.மீ. போட்டுவிட்டு, கடைசியில் இருந்த சிறு இடைவெளிக்காக இரண்டரை ஆண்டு காத்திருந்தார்கள். தண்டவாளம் போடுவதை விட, இரண்டு அரசாங்கங்கள் விலையிலும் அகலத்திலும் கொள்முதலிலும் உடன்படுவதுதான் கடினம்.

மின்மயமாகிவிட்டதா?

இல்லை. டீசல்தான்.

இந்தியா எஃகுக்கான நிலக்கரியை ஆஸ்திரேலியாவிலிருந்துதான் பெருமளவில் வாங்குகிறது. மங்கோலியாவிலிருந்து வாங்கினால் என்ன?

பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கரி தரமானது. சிக்கல் வழியில். தாவன் தோல்கோயிலிருந்து சூன்பாயனுக்கு 2022இல் 416 கி.மீ. பாதை வந்ததால் சுரங்கம் இப்போது பிரதான பாதையோடு சேர்ந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே திரும்பிச் சீனாவின் தியான்ஜின் துறைமுகம் போனால் மொத்தம் ஏறக்குறைய 1,700 கி.மீ. ஆனால் நடுவில் வேகன் மாற்றம், சீனாவின் அனுமதி, சீனா சொல்லும் கட்டணம். வடக்கே திரும்பி ரஷ்யா வழியாக விளாடிவோஸ்டோக் போனால் கேஜ் மாற்றம் கிடையாது. ஆனால் ரயில் தூரம் மட்டும் 5,000 கி.மீ.யைத் தாண்டும், சைபீரியப் பாதையில் ஏற்கெனவே நெரிசல். இரண்டுக்கும் பிறகுதான் கப்பல். ஆஸ்திரேலியச் சுரங்கமோ துறைமுகத்துக்குச் சில நூறு கி.மீ.யில் இருக்கிறது. மாதிரிச் சரக்கு எடுத்துப் பார்க்கலாம், பெரிய அளவு வாணிபத்துக்கு இந்தக் கணக்கு உதைக்கிறது.

இந்தியாவின் உண்மையான பங்களிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சைன்ஷாந்த் அருகே இந்தியக் கடனில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எழுகிறது, ஆண்டுக்கு 15 லட்சம் டன் திறன். இன்று மங்கோலியாவின் பெட்ரோலும் டீசலும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து டேங்கர் வேகன்களில் வருகின்றன. வடக்கு எல்லையில் அந்த வேகன்கள் தாமதித்தால் உலான்பாத்தர் பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டுகிறார்கள். ஓடும் டீசல் இன்ஜினுக்கே எரிபொருள் அந்த வழியில்தான் வர வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்காவோ அண்ணனோ தெரியவில்லை, நான் விலங்கியல் மாணவி. ரயில் பாதையால் காட்டு விலங்குகளுக்குப் பாதிப்பு உண்டா?

உண்டு தங்கை, நல்ல கேள்வி. அண்ணன் என்றே கூப்பிடலாம். கால்நடைகள் அடிபடாமல் இருக்க உலான்பாத்தர்–சமீன்-ஊத் பாதையின் இருபுறமும் முள்கம்பி வேலி போட்டார்கள். மங்கோலிய மான்களும் குலான் என்னும் காட்டுக் கழுதைகளும் புல்லைத் தேடி நூற்றுக்கணக்கான கி.மீ. அலைபவை. அந்த வேலி கோபியையே கிழக்கு மேற்காகப் பிளந்துவிட்டது. வேலியில் சிக்கி மான்கள் செத்துக் கிடப்பது வழக்கமானது. சில இடங்களில் வேலியை அகற்றிச் சோதித்தார்கள். 2020இல் குலான்கள் அந்த இடைவெளி வழியே பாதையைக் கடந்து கிழக்கே போனது பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய 65 ஆண்டுகளுக்குப் பிறகு! புதிய பாதைகளில் விலங்குக் கடவைகள் எத்தனை, எங்கே என்று சுரங்க நிறுவனங்களிடம் தொடர்ந்து கேட்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் இதை ஆராய வேண்டும்.

ஐயா, உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் எதற்குப் பணம் ஒதுக்குவீர்கள்?

புதிய பாதைக்கு அல்ல. சமீன்-ஊத் யார்டுக்கு. அங்கே கூடுதல் கிரேன், கூடுதல் நிறுத்தத் தடங்கள், உறைந்த கரியை இளக்கும் கொட்டகை, சுங்கத் தாள்களை ரயில் வருமுன்பே முடித்துவைக்கும் ஏற்பாடு. சீனா–ஐரோப்பா கன்டெய்னர் ரயில்கள் இந்த வழியாகப் போகின்றன, அதில் மங்கோலியாவுக்குக் கட்டணம் கிடைக்கிறது. எல்லையில் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தினால் அந்த வருமானம் கூடும். அதன் பிறகு பிரதான பாதையில் ரயில்கள் விலகிக்கொள்ளும் நிலையங்களை நீட்டுவேன். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட இவை ஏற்ற வேலைகள் அல்ல. அதனால்தான் ஆண்டுதோறும் பின்னுக்குப் போகின்றன.