அடுத்தவர் நாட்டு வாக்குச்சீட்டில் என் மகளுக்கு என்ன வேலை?

கேள்வி: என் மகள் எடின்பரோவில் மேற்படிப்பு படிக்கிறாள். அவளோடு ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஒருத்தி ஸ்காட்லாந்துக்காரி, இன்னொருத்தி இங்கிலாந்துக்காரி. சமையலறையில் 'ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா' என்ற பேச்சு எழுந்துவிட்டால் அன்று ராத்திரி முழுக்க அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாதாம். "இந்தியர்களுக்கும் இங்கே ஓட்டு உண்டு, நீயும் பதிந்துகொள்" என்று இருவருமே இவளைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். அடுத்தவர் நாடு சேர்ந்திருப்பதா பிரிவதா என்பதில் நம் பிள்ளைக்கு என்ன வேலை? அதற்கும் மேலே, ஒரு நாடு ஒன்றாக இருக்குமா என்பதை ஒரே ஓட்டில் தீர்த்துவிட முடியுமா?

— ஒரு தாய், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம் அம்மா. இந்தியா காமன்வெல்த் நாடு. முறையான விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் அங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். மாணவர் விசாவும் இதில் அடங்கும். பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், உள்ளாட்சி மன்றம் என எல்லாத் தேர்தலிலும் உங்கள் மகள் ஓட்டுப் போடலாம். இதனால் இந்தியக் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால்தான் அது போகும்.

தனிநாடு பற்றி 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பிலும், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவது பற்றி 2016 ஜூன் 23 அன்று நடந்த பிரெக்ஸிட் வாக்கெடுப்பிலும் அங்கே வசித்த இந்தியர்களுக்கு ஓட்டு இருந்தது. எடின்பரோவிலேயே பல காலம் வேலை பார்த்து வரி கட்டிய ஜெர்மானியருக்கு 2014-இல் ஓட்டு உண்டு, 2016-இல் இல்லை. 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கும் அப்படியே. நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் 'மக்கள்' யார் என்ற கணக்கே இரண்டு வருடத்துக்குள் மாறிவிட்டது. யாரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது என்பதே பாதி முடிவு. வாக்கெடுப்பு என்றதும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்னொரு வாக்கெடுப்பு நாளைக்கே வந்துவிடப் போவதில்லை. லண்டன் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக அதற்குச் சட்டம் இயற்ற முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 23 அன்று தீர்ப்பளித்துவிட்டது. வந்தால் எப்படி வர வேண்டும் என்பதைத்தான் அந்த இரண்டு பெண்களும் யோசிக்க வேண்டும். சண்டைக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்காட்லாந்து மக்களின் அடையாள உணர்வை அளக்க ஆய்வாளர்கள் வெகுநாளாக ஒரு கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள். லூயிஸ் மொரேனோ என்ற ஸ்பானிய சமூகவியலாளரின் பெயரால் அறியப்படும் அந்தக் கேள்விக்கு ஐந்து பதில்கள்: ஸ்காட்லாந்துக்காரர் மட்டுமே (பிரிட்டிஷ் அல்ல), பிரிட்டிஷைவிட அதிகம் ஸ்காட்லாந்து, இரண்டும் சமம், ஸ்காட்லாந்தைவிட அதிகம் பிரிட்டிஷ், பிரிட்டிஷ் மட்டுமே. இப்படிக் கேட்டால் நடுவிலுள்ள மூன்று படிகளிலும் ஆட்கள் இருப்பது தெரிகிறது. வாக்குச்சீட்டிலோ இரண்டே கட்டம்தான். 'பிரிட்டனோடு இருப்போம், ஆனால் கூடுதல் அதிகாரம் வேண்டும்' என்ற மூன்றாவது வழி, 2012 அக்டோபரில் இரு அரசுகளும் கையெழுத்திட்ட எடின்பரோ ஒப்பந்தத்தின்படி சீட்டில் இடம்பெறவில்லை. கடைசியில் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, லண்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் சேர்ந்து பத்திரிகையின் முதல் பக்கத்தில் வாக்குறுதியாகக் கொடுத்தது அந்த மூன்றாவது வழியைத்தான். 'வேண்டாம்' 55.3 சதவீதம், 'வேண்டும்' 44.7 சதவீதம். நடுப்படியில் நின்றவர்கள் ஏதோ ஒரு பக்கம் குதித்தாக வேண்டியிருந்தது. குதித்தபின் அந்தப் பக்கமே தங்கள் அடையாளம் என்று ஆகிவிட்டது.

ஆனாலும் அந்த வாக்கெடுப்பு ஒழுங்காக நடந்த ஒன்று. 84.6 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், தோற்றவர்கள் முடிவை ஏற்றார்கள். விதிகளை இரு தரப்பும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டதே அதற்குக் காரணம். கேள்வியின் வாசகத்தைக்கூட அப்படியே விட்டுவிடவில்லை. 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்றுதான் ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதியது. தேர்தல் ஆணையம் அதைப் பொதுமக்களிடம் சோதித்துப் பார்த்து, 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பது ஆம் என்ற பதிலை நோக்கித் தள்ளுகிறது என்றது. 'ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?' என்று மாற்றினார்கள். எதிர்த் தரப்போடு பேசாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 அக்டோபர் 1 காட்டலோனியா இருக்கிறது. ஸ்பெயின் அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செய்த வாக்கெடுப்பு அது. பிரிவினையை எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் போகவே இல்லை. போட்டவர்களில் 90 சதவீதம் ஆம் என்றார்கள், ஆனால் வாக்களித்தது 43 சதவீதம்தான். அந்த முடிவை வைத்து யாராலும் எதையும் கட்ட முடியவில்லை.

பிரெக்ஸிட்டில் கேள்வியைக் குறை சொல்ல முடியாது. இருப்பதா, விலகுவதா என்று இரண்டு பக்கத்தையும் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். குறை விடையில் இருந்தது. 'விலகுவது' என்றால் எப்படி விலகுவது என்று சீட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. சுங்க ஒன்றியத்தில் நீடிப்பதா, ஒற்றைச் சந்தையில் நீடிப்பதா, அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 51.9 சதவீதம் விலகல் என்றது. இங்கிலாந்தும் வேல்ஸும் விலகல் பக்கம். ஸ்காட்லாந்தில் 62 சதவீதமும் வட அயர்லாந்தில் 55.8 சதவீதமும் இருப்பதன் பக்கம். கிட்டத்தட்ட மூன்று வருடம் கழித்து, 2019 மார்ச் 27 அன்று எட்டு வெவ்வேறு வழிகளை நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விட்டார்கள். எட்டுமே தோற்றன. மக்களிடம் கேட்டுவிட்டோம், ஆனால் எதைக் கேட்டோம் என்று தெரியவில்லை என்ற நிலை அது. உங்கள் மகளின் ஸ்காட்லாந்துத் தோழிக்கு இன்னொரு வாக்கெடுப்பு கேட்கத் தோன்றுவது இந்த 62 சதவீதத்தால்தான் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. 2014-இல் பிரிட்டனோடு இருந்தால்தான் ஐரோப்பாவில் இருக்க முடியும் என்று சொல்லித்தான் பலரிடம் ஓட்டுக் கேட்டார்கள்.

நூலிழையில் முடியும் வாக்கெடுப்பு எவ்வளவு புண்படுத்தும் என்பதற்கு கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாநிலத்தைப் பாருங்கள். 1995 அக்டோபர் 30 அன்று பிரிவினை வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். வித்தியாசம் 54,288 ஓட்டு. செல்லாத ஓட்டு அதைவிட அதிகம், 86,501. அன்றிரவு மாநிலப் பிரதமர் ஜாக் பாரிஸோ, பணத்தாலும் இனக்குழு ஓட்டுகளாலும் தோற்றோம் என்று மேடையிலேயே சொன்னார். குடியேறி வந்து, பிரெஞ்சு படித்து, பிள்ளைகளை அங்கேயே வளர்த்தவர்களைப் பார்த்து 'நீங்கள் எங்கள் ஆள் இல்லை' என்று சொன்னதாகத்தான் அது போய்ச் சேர்ந்தது. மறுநாளே பதவி விலகப்போவதாக அறிவித்தார், ஆனால் சொன்ன வார்த்தை நின்றுவிட்டது. இதற்குப் பிறகு கனடா உச்ச நீதிமன்றம் 1998-இல் ஒரு நல்ல வழி காட்டியது. தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், பிரிவினை தானாக நடந்துவிடாது. ஆனால் இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். ஓட்டை முடிவாகக் கொள்ளாமல் பேச்சின் தொடக்கமாக வைத்த தீர்ப்பு அது. எத்தனை சதவீதம் 'தெளிவான பெரும்பான்மை' என்று நீதிமன்றமும் சொல்லவில்லை, 2000-இல் வந்த சட்டமும் சொல்லவில்லை. 2006-இல் மான்டிநீக்ரோ செர்பியாவைவிட்டுப் பிரிந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் என்று கோடு போட்டுக் கொடுத்தது. கிடைத்தது 55.5.

ஓட்டில் தீர்க்க முடியும் என்பதற்கு நம்பிக்கையான உதாரணம் சுவிட்சர்லாந்தின் ஜுரா. 1815-இல் வியன்னா மாநாட்டில் இந்தப் பகுதியை பெர்ன் கான்டனோடு (சுவிஸ் நாட்டில் மாநிலத்துக்குக் கான்டன் என்று பெயர்) சேர்த்துவிட்டார்கள். பெர்ன் ஜெர்மன் பேசும் புராட்டஸ்டண்ட் பூமி. ஜுராவில் பெரும்பாலும் பிரெஞ்சு; வடக்கே கத்தோலிக்கர், தெற்கே புராட்டஸ்டண்டுகள். 1947-இல் ஜார்ஜ் மொக்லி என்ற பிரெஞ்சு மொழி அமைச்சருக்குப் பொதுப்பணித் துறையைத் தர பெர்ன் சட்டமன்றம் மறுத்ததும் தனிக் கான்டன் இயக்கம் மூண்டது. தீவைப்பு வரை போனது.

அவர்கள் கண்ட வழி, ஒரே ஓட்டுக்குப் பதிலாக அடுக்கடுக்கான ஓட்டு. 1974 ஜூன் 23 அன்று ஜுரா முழுவதற்கும் முதல் கேள்வி: புதிய கான்டன் வேண்டுமா? 36,802 பேர் ஆம், 34,057 பேர் இல்லை. சாதாரணமாக அத்தோடு முடிந்திருக்கும், தெற்கிலுள்ளவர்கள் காலத்துக்கும் குமுறிக்கொண்டிருப்பார்கள். இங்கே அப்படி விடவில்லை. இல்லை என்ற மாவட்டங்களில் போதிய வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால், அந்த மாவட்டம் மட்டும் பெர்னோடு இருப்பதா என்று தனியாக வாக்களிக்கலாம். 1975 மார்ச்சில் தெற்கு மாவட்டங்கள் மூன்றும் பெர்ன் என்றன. பிறகு செப்டம்பரில், புதிய எல்லைக்கோட்டை ஒட்டிய ஊர்கள் எந்தப் பக்கம் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். 1978-இல் சுவிஸ் நாடு முழுவதும் வாக்களித்து ஏற்றது. 1979 ஜனவரி 1 அன்று ஜுரா கான்டன் பிறந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தெற்கிலும் பிரெஞ்சுதான் பேச்சுமொழி, ஆனால் அவர்கள் பெர்னையே தேர்ந்தெடுத்தார்கள். மொழிதான் அடையாளம் என்று தலைவர்கள் நினைத்தார்கள். மதமும் பழக்கமும் அதைவிடக் கனமானவை என்று மாவட்டம் மாவட்டமாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. அடையாளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மேலிருந்து வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்லவில்லை. ஜுரா முழுவதும் வேண்டும் என்று போராடியவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. மூட்டியே என்ற சிறு நகரம் அரை நூற்றாண்டு இழுபட்டது. 2017 ஜூனில் 137 ஓட்டு வித்தியாசத்தில் ஜுராவுக்குப் போவது என்று முடிவானது. நகர நிர்வாகமே ஒருதலையாகப் பிரச்சாரம் செய்தது, அங்கே உண்மையில் குடியிருக்காதவர்கள் பட்டியலில் இருந்தார்கள் என்று அந்த வாக்கெடுப்பு ரத்தானது. 2021 மார்ச் 28 அன்று கூட்டாட்சி அரசின் கண்காணிப்பில் மறுபடி நடத்தினார்கள்: 2,114-க்கு 1,740. கான்டன் மாறும் தேதியை 2026 ஜனவரி 1 என்று வைத்தார்கள். பள்ளி, மருத்துவமனை, வரி, காவல் என ஒவ்வொன்றையும் கைமாற்ற அத்தனை காலம் ஒதுக்கினார்கள். பிரெக்ஸிட்டில் இல்லாமல் போனது இந்தப் பொறுமைதான்.

புதுச்சேரிக்காரரான உங்களுக்கு இன்னொன்று சொன்னால் சட்டென்று புரியும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைப்பு என்றார்கள். மண் எந்த நாடு என்பது அதில் முடிவானது. மனிதர் எந்த நாடு என்பதை இந்தியாவும் பிரான்ஸும் செய்த ஒப்பந்தம் தனியாக வைத்தது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி கைமாறிய பிறகு, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும். 1998-இல் வட அயர்லாந்தின் பெரிய வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான ஒப்பந்தமும் இதே வழியில் போனது. அங்கே பிறந்தவர் பிரிட்டிஷாகவோ, ஐரிஷாகவோ, இரண்டுமாகவோ இருக்கலாம். மண் எந்த நாட்டோடு என்பது பின்னொரு நாள் வாக்கெடுப்பில் மாறினாலும் இந்த உரிமை மாறாது. ஒரு வாக்கெடுப்பு தோற்றால் மறுபடி நடத்தக் குறைந்தது ஏழு வருட இடைவெளியும் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு இப்படியொரு விதி எழுதப்படவே இல்லை. 'ஒரு தலைமுறைக்கு ஒருமுறை' என்று மேடையில் பேசியதைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை வாதம் நடக்கிறது.

இனி சமையலறைக்கு வருவோம். 'தனிநாடு வேண்டுமா வேண்டாமா' என்று கேட்டால் அந்த இரண்டு பெண்களும் 2014 வாக்குச்சீட்டின் இரண்டு கட்டங்களுக்குள்தான் போய் நிற்பார்கள். அந்த ஐந்து பதில்களையும் ஒரு தாளில் எழுதி, ஸ்காட்லாந்துப் பெண்ணிடம் நீ எந்தப் படி என்று உங்கள் மகள் கேட்கட்டும். இங்கிலாந்துப் பெண்ணுக்கு 'ஸ்காட்லாந்து' என்ற இடத்தில் 'இங்கிலாந்து' என்று மாற்றிக்கொள்ளலாம். பிறகு உணர்வை விட்டு விவரத்துக்குப் போகச் சொல்லுங்கள். தனிநாடானால் என்ன பணம்? 2014 பிப்ரவரியில் லண்டன் நிதியமைச்சர் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்றதும் தனிநாடு கேட்டவர்களின் பிரச்சாரமே தடுமாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் சரக்கு சோதனை வருமா? ஓய்வூதியம் யார் பொறுப்பு? இங்கிலாந்துப் பெண்ணிடமும் ஒன்று கேட்க வேண்டும்: எந்த நிபந்தனை நிறைவேறினால் இன்னொரு வாக்கெடுப்பு நியாயம் என்று ஒப்புக்கொள்வாய்? 'ஒருபோதும் இல்லை' என்பது ஜனநாயகத்தில் பதில் ஆகாது. 'ஜெயிக்கும்வரை' என்பதும் ஆகாது.

உங்கள் மகள் அவசியம் பதிந்துகொள்ளட்டும். அவள் படிப்பு, வாடகை, பஸ், மருத்துவம் எல்லாம் அந்த மன்றங்களின் கையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் சில நிமிட வேலைதான். தேசியக் காப்பீட்டு எண் இல்லாவிட்டாலும் காரணம் சொல்லிப் பதியலாம். பாஸ்போர்ட் போன்ற சான்று கேட்பார்கள். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பே பதிவு முடிந்துவிடும், சனி ஞாயிறு கணக்கில் வராது என்பதால் மூன்று வாரம் முன்னதாகவே செய்துவிடுவது நல்லது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் படம் போட்ட அடையாளச் சான்று கட்டாயம். இந்திய பாஸ்போர்ட்டை ஏற்பார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உள்ளாட்சித் தேர்தலுக்கும் அது தேவையில்லை.