கூட்டமைப்பில் யார் முடிவெடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பள்ளியும் அக்கம்பக்கத்து மூன்று பள்ளிகளும் சேர்ந்து கூட்டமைப்பு தொடங்கி ஓராண்டாகிறது. பெரிய பள்ளியின் தலைமையாசிரியர்தான் ஒருங்கிணைப்பாளர். கூட்டங்கள் தவறாமல் நடக்கின்றன, வகுப்பறையில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு பள்ளிகளிலிருந்து இப்போது உதவித் தலைமையாசிரியர்கள்தான் வருகிறார்கள். அடுத்த ஆண்டு என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

ஒரு தலைமையாசிரியர்

அன்புள்ள தலைமையாசிரியருக்கு,

ஏற்கலாம். ஆனால் அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை போடுவதற்கு முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளியில் நீங்கள் சொன்னால் நடக்கும். கூட்டமைப்பில் அந்த அதிகாரம் கிடையாது. மற்ற மூவரும் தத்தம் நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள், உங்களுக்கு அல்ல. ஆகவே அவர்களிடம் ஒத்துழைப்பு என்று பொதுவாகக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். நான்கு பள்ளிகளிலும் ஒரே நாளில், ஒரே பாட ஆசிரியர்களுக்கு, சேர்ந்து உட்காரத் தொடர்ந்து இரண்டு பீரியட் ஓய்வு. அட்டவணையில் முதலில் இதைக் குறித்துவிட்டுத்தான் மற்றதை நிரப்பவேண்டும். ஆண்டின் நடுவே நுழைத்தால் ஒருவரை விடுவிக்கப் பல வகுப்புகளை நகர்த்த நேரும். யாராவது விடுப்பு எடுத்தால் அந்த நேரம் வராதவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டிட்யூஷனுக்குப் போய்விடும்.

உதவித் தலைமையாசிரியர்கள் வருவதில் தவறில்லை. "கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர்கள் எழுந்துபோவதுதான் சிக்கல். ஆசிரியரை விடுவிப்பது, பொது வினாத்தாளின் தேதி, ஒரு வரம்புக்குள் செலவு ஆகிய மூன்றிலும் அவர்களே முடிவெடுக்கலாம் என்று அவரவர் தலைமையாசிரியர் கையெழுத்திட்டுத் தரட்டும்.

வேலையைச் சிறியதாக வையுங்கள்: ஒரு பாடம், ஒரு வகுப்பு, ஒரு அலகு. பின்னக் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குப் பத்து வீதம் நாற்பது நோட்டுகளின் பக்கங்களை நகலெடுத்து, பெயரையும் பள்ளியையும் மறைத்து, கலந்து மேசையில் போடுங்கள். தவறின் வகைப்படி அடுக்க ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று மேலும் கீழும் தனித்தனியே கூட்டியவை ஒரு கட்டு. பகுதியை 6 ஆக்கிவிட்டுத் தொகுதியை மாற்ற மறந்து 2/6 என்று எழுதியவை இன்னொன்று. முதல் கட்டுக்கு, பின்னம் முழுவதும் சேர்ந்து ஒரே எண் என்றே புரியவில்லை. இரண்டாவதற்கு, சமான பின்னம் மட்டும் தடுமாறுகிறது. இரண்டுக்கும் ஒரே மறுபயிற்சி கொடுத்துப் பயனில்லை. அடுத்த சந்திப்புக்குள் ஒவ்வொருவரும் ஒரு கட்டுக்கான பாடத்தை நடத்திப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

தேர்ச்சி விகிதத்தை எடுத்து மேசையில் வைத்தால் இது எதுவும் நடக்காது. சேரும் பிள்ளைகளே வேறு வேறு என்பதால் அந்த ஒப்பீடு நியாயமும் அல்ல. குறைந்த சதவீதக்காரர் காரணம் சொல்லவும், கூடியவர் அறிவுரை சொல்லவும் ஆரம்பித்துவிடுவார்கள். கூட்டமைப்பில் பார்த்த எதையும் சேர்க்கை விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மாணவர்களுக்காகப் போட்டியிடும் பள்ளிகள் வேறெப்படி நோட்டைத் திறந்து காட்டும்?

பெரிய பள்ளி எப்போதும் கொடுக்கும் இடத்திலேயே இருந்தால் மற்றவர்கள் சலித்துப்போவார்கள். லண்டனில் 2003 முதல் 2011 வரை நடந்த 'லண்டன் சேலஞ்ச்' திட்டத்தில் அனுபவமுள்ள ஆலோசகர்கள், தடுமாறும் பள்ளியின் தேவையைப் பார்த்து அதற்கேற்ற பள்ளியோடு இணைத்தார்கள். நீங்களும் அளவைப் பார்க்காமல் பாடத்தைப் பாருங்கள். சிறிய பள்ளியில் வாசிப்பு நன்றாக இருந்தால் அந்தச் சந்திப்பு அங்கேதான் நடக்கவேண்டும். இடம் மாறட்டும், ஆனால் ஒருங்கிணைப்பாளரை ஆண்டுக்குள் மாற்றாதீர்கள். மாதம் ஒருவர் என்றால் போன முடிவுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

வரவுசெலவுக் கணக்கை இப்போதைய ஒருங்கிணைப்பாளர் பள்ளியே வைத்துக்கொள்ளட்டும். தலைமையும் பணமும் ஒரே இடத்தில் வேண்டாம். அவருக்கும் விலக்கப்பட்ட உணர்வு வராது.

கடைசியாக உங்கள் பள்ளி. வாரத்தில் அரைநாளாவது வெளியே போவீர்கள். அந்த நேரத்துக்கு உதவித் தலைமையாசிரியருக்குப் பொறுப்பை எழுத்தில் கொடுங்கள், அவருடைய பாடவேளையையும் அதற்கேற்பக் குறையுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தின் நடுவே உங்கள் போன் ஓயாது.