லொறியில் நானும் போகலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கணவர் லீசிங்கில் எடுத்த லொறியில் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு நெல் ஏற்றுகிறார். கிளீனர் பெடியன் வெளிநாடு போய்விட்டான். 'நீ வந்தால் நித்திரை வராமல் கதைத்துக்கொண்டு ஓடலாம்' என்று கூப்பிடுகிறார். எனக்கும் ஆசைதான். லான்ட்மாஸ்ரர் ஓட்டுவேன், லைசன்ஸ் இல்லை. கனடாவில் சித்தியின் மகளும் கணவரும் சேர்ந்தே ட்ரக் ஓடுகிறார்கள். மாமிக்குத்தான் பிடிக்கவில்லை. மகனுக்கு 9 வயது. போகலாமா அக்கா?

பதில்: போங்கள், தங்கச்சி. ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காகப் போகாதீர்கள்.

பக்கத்தில் ஆள் இருந்து கதைத்தால் நித்திரை வராது என்பது வீதியில் பலரும் நம்புகிற விஷயம். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு அதைக் கேட்காது. கண் திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், மூளை மட்டும் இரண்டு மூன்று விநாடி நித்திரையாகிவிடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற லொறி மூன்று விநாடியில் 50 மீற்றர் ஓடிவிடும். ஏ9 வீதியில் இரவில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதுவும் நெல் மூடை ஏற்றிய லொறி, பிரேக் பிடித்தவுடன் நிற்காது. நீங்களும் விடிய எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏறியிருப்பீர்கள். இரண்டு மணிக்கு கபினில் களைத்த ஆட்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அவ்வளவுதான்.

சித்தியின் மகள் வீட்டுக் கதை வேறு. அங்கே ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீற்றுக்குப் பின்னால் உள்ள கட்டிலில் படுத்து உண்மையாகவே நித்திரை கொள்ளலாம். கனடாவில் ஒரு சாரதி ஒரு நாளில் 13 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அமெரிக்காவுக்குள் போனால் 11. அதனால்தான் இரண்டு பேர். இரண்டு பேரிடமும் லைசன்ஸ் இருக்கிறது.

நீங்களும் எடுங்கள். முதலில் கார், வான் லைசன்ஸ், அப்புறம் கனரக வாகனம். காலம் எடுக்கும், பரவாயில்லை. அதுவரை உங்கள் வேலை கதைப்பது அல்ல, நிறுத்தச் சொல்வது. அவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டால் வெளிச்சமான பெற்றோல் செட்டாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு உடனே 20 நிமிஷம் படுக்கட்டும். தேயிலை வேலைசெய்ய அரை மணித்தியாலம் அளவில் எடுக்கும். எழும்பும்போது இரண்டும் சேர்ந்து உதவும். லோட் பிந்தினால் நெல் முதலாளி பேசுவார். பேசட்டும்.

கிளீனருக்கு ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ, அதை இனி உங்கள் பெயரில் வங்கியில் போடுங்கள். படங்கு கட்டுவதும் ரயர் பார்ப்பதும் மூடை எண்ணுவதும் வேலைதான். மனைவி செய்தால் சும்மா ஆகிவிடாது. டீசல், லீசிங் கணக்குக் கொப்பியும் உங்கள் கையில் இருக்கட்டும். முன் சீற்றில் இருப்பவருக்கும் காப்புறுதி பொருந்துமா என்று முதலே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, இதை ஆண்கள் யோசிக்கவே மாட்டார்கள். அவர் பற்றை ஓரம் நிறுத்திவிடுவார், உங்களால் முடியாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்தால் சலக்கடுப்பு வரும். வவுனியா, அநுராதபுரம், புத்தளம் என்று கழிப்பறை உள்ள இடங்களை முதலே குறித்து, அங்கே கட்டாயம் நிறுத்தவேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

மாமியோடு சண்டை வேண்டாம். வன்னியில் பெண்கள் கண்ணிவெடியே அகற்றினார்கள் என்பது அவவுக்கும் தெரியும். அவவின் பயம் ஊர்க்கதை மட்டும் என்று எனக்குப் படவில்லை. மகனும் மருமகளும் ஒரே லொறியில் போனால், ஒன்று நடந்தால் பேரனுக்கு யார் என்ற பயமும் இருக்கும். அது நியாயமான பயம். ஆகவே எல்லா ட்ரிப்பும் போகாதீர்கள். பள்ளி நாட்களில் கிழமைக்கு ஒன்று, அதுவும் மகனிடம் முதல்நாளே சொல்லிவிட்டு. காலபோக அறுவடை நேரத்தில் ஓட்டம் கூடும். அப்போது வேண்டுமானால் இரண்டு.

முதல் ட்ரிப்பில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போங்கள். வரும்போது மாமிக்கும் மகனுக்கும் அங்கேயே கச்சான் வாங்குங்கள். எத்தனை இடத்தில் நிறுத்தி அவரை நித்திரை கொள்ள வைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.