பரங்கிப் பிஞ்சு அழுகி விழுகிறதா?

பரங்கிப் பிஞ்சுகள் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் அழுகி விழுகின்றன, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் விழுந்த பிஞ்சு ஒன்றை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈதான். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும் பிசின் துளியும் தெரியும். ஈ முட்டையிட்ட இடம் அது. புழு இல்லையா? மகரந்தம் சேராமல் இருக்கலாம். காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுங்கள்.

புழு காய்க்குள் இருப்பதால் மேலே அடிக்கும் வேப்பெண்ணெய் அதைத் தொடாது. விழுந்ததைச் செடியடியில் விடவே விடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். அப்புறம், பூ வாடியதும் பிஞ்சைத் துணிப்பையால் மூடிக் கட்டிவிடுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.