கேள்வி–பதில்: பேசில் ஏன் குண்டாகத் தெரிகிறார்?

'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் டிவிடி போட்டால் எல்லாரும் அகலமாகத் தெரிகிறார்கள். ஆள் வாசலைத் தாண்டியதும் படத்தின் நிறமே மாறுகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?
— வாசகர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. 1975-லும் 1979-லும் வந்த அந்த 12 பகுதிகளும் 4:3 அளவில் (அகலம் 4 என்றால் உயரம் 3) எடுத்தவை. உங்கள் டிவி 16:9. இழுத்து நிரப்பினால் ஆள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுவார். ஹோட்டல் முதலாளி பேசிலாக வரும் பனைமரம் போன்ற ஜான் க்ளீஸ், குள்ளமான வெயிட்டர் மானுவல் முன்னால் வளைந்து நின்று கத்துவதில்தான் பாதிச் சிரிப்பு, அதுவே போய்விடும்.

டிவி ரிமோட்டில் 'பிக்சர் சைஸ்' போய் 4:3 வையுங்கள். அப்படியும் மாறாவிட்டால் பிளேயரே இழுத்து அனுப்புகிறது என்று அர்த்தம். அதன் செட்டப் மெனுவில் டிவி வடிவத்தை '16:9 பில்லர்பாக்ஸ்' ஆக்குங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். 'ஸூம்' மட்டும் வேண்டாம்: மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் வெட்டுப்படும்.

நிறம் மாறுவது அந்தக் கால பிபிசி வழக்கம். ஸ்டுடியோ காட்சிகள் வீடியோ டேப்பில், நொடிக்கு 50 ஃபீல்டு (அரைப் படம்). வெளிக்காட்சிகள் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், நொடிக்கு 25 ஃபிரேம் (முழுப் படம்). அதனால்தான் உள்ளே பளிச்சென்று இருப்பது வெளியே துகள் துகளாய் மங்குகிறது. வெளிக்காட்சியை முன்கூட்டியே எடுத்து, ஸ்டுடியோவுக்கு வந்த பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சிரிப்பைப் பதிவு செய்வார்கள். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' இருந்தால் அணைத்துவிடுங்கள்; ஃபிலிம் காட்சிகள் எண்ணெய் தடவியது போல வழுக்குவதற்கு அதுதான் காரணம்.

லண்டனில் வாங்கிய டிஸ்க் ஓடுகிறது, நியூயார்க்கிலிருந்து வந்தது ஓடவில்லை. ஏன்?
— வாசகி, டோங்காட்

டிவிடிகளை உலக மண்டலவாரியாகப் பூட்டி விற்கிறார்கள்; வேறு மண்டல டிஸ்க் உங்கள் பிளேயரில் ஓடாது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டனும் மண்டலம் 2. அமெரிக்கா 1, இந்தியா 5. அட்டையின் பின்புறம் சின்ன உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 'ஆல்' என்றிருந்தால் மண்டலத் தடை இல்லை. ப்ளூ-ரே என்றால் நமக்கு 'பி'. கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் 5 முறைதான். அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும்.

எங்கள் ஆயாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். எதில் தொடங்கலாம்?
— வாசகி, பீனிக்ஸ்

'மிஸ்டர் பீன்' போடுங்கள், பேச்சே அபூர்வம். அடுத்து 'டாட்ஸ் ஆர்மி' (1968–77). இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஊர்க்காவலுக்குக் கிளம்பிய கிழவர் கூட்டம்; மேலதிகாரியாக மிடுக்குக் காட்டும் பேங்க் மேனேஜர் மேன்வரிங்கின் முகத்தைப் பார்த்தாலே போதும், வசனம் புரியாவிட்டாலும் சிரிப்பு வரும்.

அமைச்சரையும் அதிகாரிகளையும் கிண்டலடிக்கும் 'யெஸ் மினிஸ்டர்' ஆயாவுக்கு வேண்டாம், நீங்கள் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலை ஓடவிட்டு, ஒரே மூச்சில் அமைச்சரின் உயரதிகாரி சர் ஹம்ஃப்ரி பேசும் வாக்கியத்தை நிறுத்திப் படியுங்கள். அவர் வாயால் 'துணிச்சலான முடிவு' என்று வந்தால் அமைச்சருக்கு வியர்க்கும். அடுத்த தேர்தலில் தோற்கப்போகிறீர்கள் என்பதுதான் அதன் பொருள்.

இதெல்லாம் அந்த நாளில் இங்கே ஏன் ஒளிபரப்பாகவில்லை?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டிவியே இங்கே 1976 ஜனவரி 5-ல்தான் நாடு முழுவதும் வந்தது. நிறவெறி ஆட்சியை எதிர்த்து, தங்கள் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளை இங்கே விற்க பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டி தடை போட்டது. தடை சரியானதுதான். ஆனால் மேன்வரிங் நம் வீட்டுக்கு வர அத்தனை வருஷம் பிடித்தது.