பின்கட்டைப் பாருங்கள்: விக்டோரியா கால விகாரேஜ் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமத்துக் குருவானவருக்கு விகாரேஜ் என்று எட்டு, பத்து அறை உள்ள குருமனை மாளிகை கட்டப் பணம் ஏது?

பெரும்பாலும் கடன்தான். 1776-இல் வந்த சட்டப்படி, குருமனை கட்ட அந்தச் சபையின் வருமானத்தையே அடமானம் வைக்கலாம். பிறகு 1838-இல் வந்த சட்டம், பல சபைகளின் வருமானத்தை வாங்கிக்கொண்டு எங்கோ இருந்த குருக்களைக் கட்டுப்படுத்தி, சபை இருக்கும் ஊரிலேயே குடியிருக்க வைத்தது. அப்புறம்தான் ஊர் ஊராக இவ்வளவு வீடுகள் எழும்பின.

கேள்வி: விகாரேஜ், ரெக்டரி என்ன வித்தியாசம்?

விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குத் தரும் தசமபாகம் முழுவதும் கிடைத்த குரு ரெக்டர், அவர் வீடு ரெக்டரி. அதில் சிறு பங்கு மட்டும் கிடைத்தவர் விகார், அவர் வீடு விகாரேஜ். கட்டடத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: ஜன்னல்கள் ஏன் இப்படி வரிசையில்லாமல் இருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். விக்டோரியா காலத்துக்கு முந்தைய ஜார்ஜியன் பாணி வீடு முகப்பை முதலில் வரைந்துவிட்டு அறைகளை அதற்குள் அடைக்கும். ஆனால் கிளாஸ்டர்ஷயரில் கோல்பிட் ஹீத்தில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டு 1844-45-இல் கட்டிய விகாரேஜில் எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அதற்கேற்ற ஜன்னல், எங்கே அடுப்பு இருக்கிறதோ அங்கே புகைபோக்கி. 1859-இல் பிலிப் வெப் வரைந்த, லண்டனுக்கு அருகிலுள்ள ரெட் ஹவுஸ் என்ற வீட்டை இதே குணத்துக்காகப் புகழ்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: வாசலை ஒட்டியே படிப்பறை இருக்கிறதே?

கல்யாணம், சாவு, உதவி என்று சபையார் வந்துகொண்டே இருப்பார்கள். குடும்பம் புழங்கும் பக்கம் போகாமலே அவர்கள் குருவானவரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: பின்பக்கம் என்னென்ன இருக்கும்?

நிலக்கரி அறை, கழிப்பறை, பன்றிக் கொட்டில், லாயம், வண்டிக்கொட்டகை, மேலே வைக்கோல் பரண். ஆனால் நேரில் பார்க்கப் போனால் முதலில் துணி துவைக்கும் அறைக்குள் போங்கள். மூலையில் செங்கல் மேடை, அதில் புதைத்த பெரிய செப்பு அண்டா, மரமூடி, அடியில் கையகலத்துக்கு ஒரு அடுப்பு வாய். வாரத்துக்கு ஒருநாள் வேலைக்காரப் பெண் விடிவதற்கு முன்பே எழுந்து அங்கே தீ மூட்டுவாள். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது என்பதால் கூரை மழைநீரைக் குழாய் வழியாக நிலத்தடித் தொட்டியில் இறக்கி, கைப்பம்பு வைத்து இறைப்பார்கள். கூரையிலிருந்து பம்பு வரை அந்தக் குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், அவளுடைய ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்று புரியும். முன்கூடத்து வளைவுகளைவிட அந்தக் காலத்தை அதிகம் சொல்வது இந்த அறைதான் என்பேன்.

கேள்வி: பழைய விகாரேஜ் ஒன்றை வாங்கியிருக்கிறோம். லாயத்தைக் குடியிருக்கும் அறையாக மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் முதலில் உள்ளாட்சியில் கேளுங்கள். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அதே வளாகத்தில் 1948 ஜூலைக்கு முன் கட்டிய கொட்டகைகளையும் சட்டம் பெரும்பாலும் சேர்த்தே காக்கும். சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான், சிமென்ட் வேண்டாம், பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உதிர ஆரம்பிக்கும். தரையில் குதிரை வழுக்காமலும் தண்ணீர் வடியவும் வரி வெட்டிய நீலச் செங்கல் இருந்தால், தயவுசெய்து அதன்மேல் கான்கிரீட் ஊற்றிவிடாதீர்கள்.