வீட்டுக்குள் இன்னொரு பள்ளிக்கூடம் எதற்கு?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ஐந்து வருடம் தனியார் பள்ளியில் படித்தவனைப் போன மாதம் நிறுத்திவிட்டோம், இனி வீட்டுக்கல்விதான். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை அட்டவணை போட்டு, கரும்பலகைகூட வாங்கி மாட்டியாகிவிட்டது. ஆனால் பதினோரு மணிக்குள் அவன் அழுகிறான், நான் கத்துகிறேன். எடுத்த முடிவே தப்போ?

பதில்: தப்பு முடிவில் இல்லை, அட்டவணையில். முதலில் அதைக் கழற்றி வையுங்கள். பள்ளியில் அந்த ஆறு மணி நேரமும் பாடமா நடக்கிறது? வருகைப்பதிவு, வரிசை, நோட்டுத் திருத்துவது, கடைசி பெஞ்சை அதட்டுவது என்று பாதி அதிலேயே போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு, மிஞ்சினால் மூன்று மணி நேரம் தாராளம்.

அதுகூட இப்போதே வேண்டாம். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் சும்மா விடு என்று வீட்டுக்கல்விப் பெற்றோர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அனுபவத்தில் சொல்வதுதான், அதற்காக காலண்டரில் ஐந்து மாதம் குறித்துவைக்காதீர்கள், பையனைக் கவனியுங்கள். தண்ணீர் குடிக்க உங்களிடம் அனுமதி கேட்கிறானா? விடையை எழுதிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்து, புருவம் லேசாக உயர்ந்ததுமே ரப்பரை எடுக்கிறானா? பிள்ளைகள் கணக்கைப் பார்க்காமல் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே விடையை யூகிப்பதை அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1960களிலேயே எழுதியிருக்கிறார். பின்னாளில் வீட்டுக்கல்விக்காகவே 1977இல் ஒரு பத்திரிகையும் தொடங்கியவர் அவர். இந்தப் பழக்கம் தளர்ந்து, 'இது ஏன் இப்படி?' என்று அவனாகக் கேட்க ஆரம்பிக்கும்போது மெல்லத் தொடங்கலாம். தினமும் அரை மணி கணக்கு, கொஞ்சம் வாசிப்பு, அவ்வளவுதான். பின்னம் புரியவில்லை என்றால் இரண்டு வகுப்பு பின்னால் போய் அங்கிருந்து வாருங்கள், துரத்த யாரும் இல்லை.

அப்புறம், அழுகைக்குக் காரணம் பாடம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கூட்டாளிகளை ஒரே நாளில் இழந்திருக்கிறான், பாவம். அவனுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரை வாரம் ஒருமுறையாவது சந்திக்க வையுங்கள். என்னைக் கேட்டால் கரும்பலகைக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது. உறவினர்கள் வந்து 'எங்கே, வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்' என்று பரீட்சை வைத்தால் நடுவில் புகுந்து பேச்சை மாற்றுவதும் உங்கள் பொறுப்பு.

வீட்டுக்கல்விச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அரிதான விதிவிலக்குகள் தவிர இதற்கு அனுமதியே கிடையாது. சில நாடுகளில் பதிவு செய்தால் போதும், சிலவற்றில் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். உங்கள் ஊர் விதியை இந்த வாரமே விசாரியுங்கள். மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டைகளையும் பள்ளியிலிருந்து இப்போதே வாங்கிவிடுங்கள், மறுபடி சேர்க்க நேர்ந்தால் கேட்பார்கள். பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. எழுத்துத் தேர்வைவிட அறிவியல் செய்முறைத் தேர்வுக்கு இடம் கிடைப்பதுதான் பாடு, அதை மட்டும் ஒரு வருடம் முன்பே விசாரித்து வையுங்கள்.